காரணம் சொல்லும் களம்

தெல்தெனியவுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தக் கோப்பித் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாக வீரையா வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. கண்டிக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி பூக்கிற நோய் அங்கங்கே தலைகாட்டத் தொடங்கிவிட்டது என்று துரைமார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் மலை முழுக்கக் கோப்பிதான். அதை நம்பித்தான் எல்லாருடைய பிழைப்பும்.

துரை அவனை வேலைக்கு எடுத்த விதம் வேடிக்கையானது. கையெழுத்தைப் பார்க்கவில்லை, கணக்குப் போடச் சொல்லவில்லை. பங்களா வாசலில் நிற்கவைத்து ஒரே ஒரு விஷயம்தான் இங்கிலீஷில் கேட்டார்.

"உங்கள் பள்ளிக்கூடத்தில் காலை மணிக்குப் பிந்தி வந்தால் என்ன தண்டனை?"

"எல்லார் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், சேர்."

"சாக்குப்போக்குச் சொன்னால்?"

"பிரம்பு, சேர்."

"அழுதால்?"

"இன்னும் இரண்டு அடி."

துரை வாய்விட்டுச் சிரித்தார். கடல் கடந்த தன் ஊரில் தானும் அப்படியொரு பையன்களின் விடுதியில்தான் வளர்ந்ததாகவும், அங்கேயும் இதே சட்டம்தான் என்றும் சொன்னார். அந்த நிமிஷத்தில் வெள்ளைக்காரருக்கும் கூலியின் மகனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது. மறுநாளே வீரையாவுக்கு ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது.

வீரையாவுக்குத் தாயின் முகம் நினைவில் இல்லை. மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து வந்த கூட்டத்தில் தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போய்விட்டார்கள். பிழைத்துக் கிடந்த குழந்தையை யாரோ கண்டியில் மிஷன் பாதிரிமாரிடம் கொண்டுபோய் விட்டார்கள். பையன்கள் மட்டும் தங்கிப் படிக்கும் விடுதி அது. சமைப்பவர் ஆண், துணி வெளுப்பவர் ஆண், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுபவரும் ஆண். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் மறுபக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் பின்னாலிருந்து காது திருகப்படும். அந்த மதிலுக்குள் அவன் நன்றாகத்தான் வளர்ந்தான். கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும். வலித்தால் பல்லைக் கடிக்க வேண்டும். "உண்மைக்கு வாய் உண்டு, பொய்தான் ஊமையாய் நிற்கும்" என்பது தலைமை உபாத்தியாயர் ராஜரத்தினத்தின் வாக்கு. வீரையாவுக்கு அது வேதவாக்கு.

தோட்டத்தில் முதல் சில மாதங்கள் அவனுக்கு ராசியான மாதங்கள். மரம் கவ்வாத்து வெட்டுபவர்கள், மழைநீர் ஓடக் கான் வெட்டுபவர்கள், ஸ்டோரில் பழம் உரிக்கும் இயந்திரத்தைச் சுற்றுபவர்கள் எல்லாரும் ஆண்கள். அவன் யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "புள்ள சின்னதா இருந்தாலும் பேச்சு நேரான பேச்சு" என்று அவர்களே சொன்னார்கள்.

அவன் கொண்டுவந்த முதல் மாற்றமும் நல்லெண்ணத்தில் வந்ததுதான். அதுவரை வேலைக்கு வராமல் நிற்பதற்குப் பெரிய கங்காணி கறுப்பையாவிடம்தான் கேட்க வேண்டும். கறுப்பையா சும்மா விடமாட்டார். ஒரு கோழி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒன்றும் இல்லாதவர்கள் என்றால் அவர் வீட்டுக்கு விறகு. இது அநியாயம் என்று வீரையாவுக்குப் பட்டது. துரையிடம் பேசிப் புதுச் சட்டம் போட்டான். இனி லீவு வேண்டுமென்றால் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்கும்போது, முன்னால் வந்து வாய்திறந்து காரணம் சொல்ல வேண்டும். சரியான காரணமென்றால் லீவு. கோழியும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம்.

"இதைவிட நியாயம் என்ன இருக்கிறது?" என்றார் துரை.

ஆண்களுக்கு அது சுலபமாக இருந்தது. காய்ச்சல் என்றார்கள், காலில் கத்தி பட்டது என்றார்கள், போனார்கள். கறுப்பையா மட்டும் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு பழக்காலம் வந்தது. மலை முழுக்கச் சிவப்பாய்ப் பழுத்துத் தொங்கியது. கூலிகள் குடியிருந்த லயங்களிலிருந்து பெண்கள் எல்லாரும் பறிப்புக்கு ஏறினார்கள். வீரையாவின் சங்கடமும் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒரு பெண் எதிரில் வந்து நின்றால் அவனுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கூடையைப் பார்த்துப் பேசினான், கூடை இல்லாவிட்டால் மண்ணைப் பார்த்தான். காது மடல் சூடேறியது. பள்ளிக்கூடத்துத் தமிழ் மட்டும் நாக்கில் வந்து, "காய்களைப் பறிக்காதீர், கனிகளை மட்டும் பறியும்" என்பான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொள்வார்கள்.

பறிப்புக்காரிகளில் மூத்தவள் பாப்பம்மா. கணவன் இறந்து மகன் வீட்டில் இருப்பவள், வாய்க்கு அஞ்சாதவள்.

"என்னாங்கய்யா, மண்ணுல எதையும் தொலைச்சிட்டீங்களா? சொன்னா நாங்களும் தேடுவோம்ல" என்பாள். மலையே சிரிக்கும். வீரையா வேகமாக அடுத்த வரிசைக்குப் போய்விடுவான். கொஞ்ச நாளில் பெண்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கங்காணிமார் மூலமே சொல்லத் தொடங்கினான்.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் பெருமையாக இருந்தது. முன்பெல்லாம் எந்த நாளும் சில பெண்களாவது லயத்தில் நின்றுவிடுவார்களாம். புதுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு பெண்கூடப் பெரட்டில் முன்னால் வந்து லீவு கேட்கவில்லை.

"அப்படியென்றால் முன்னால் சொன்னதெல்லாம் சாக்கு" என்றார் துரை. வீரையாவும் அப்படித்தான் நம்பினான்.

வேலாயி லீவு கேட்டது மழை விட்டிருந்த ஒரு காலையில். ஸ்டோரில் வேலை செய்யும் அழகையாவின் பெண்சாதி. கல்யாணமாகி வருஷம் ஒன்றுதான் இருக்கும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையிலிருந்து முன்னால் வந்து நின்றாள். எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்ன காரணம்?" என்றான் வீரையா, அவள் கால்விரல்களைப் பார்த்தபடி.

"முடியலைங்க."

"காய்ச்சலா?"

"இல்லைங்க."

"அடிபட்டதா?"

"இல்லைங்க."

"பிறகு என்ன? காரணத்தைச் சொல்ல வேண்டும்."

வேலாயி வாயைத் திறக்கவில்லை. வரிசையில் அவள் மாமனார் நின்றார், கொழுந்தன் நின்றான், புருஷன் நின்றான். தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவளும் மண்ணைப் பார்த்தாள், வீரையாவும் மண்ணைப் பார்த்தான்.

பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஐயா, அவ முழுகாம இருக்காங்க. மேலுக்குச் சொகமில்ல. விட்டுருங்க."

வீரையா யோசித்தான். முழுகாமல் இருக்கிறாள். அதாவது, குளிக்கவில்லை. இதற்கு ஒரு லீவா? அவனுக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் வந்தது.

"முழுகாவிட்டால் என்ன? மலையில் யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தியில் திரும்பி வந்து முழுகட்டும். இதெல்லாம் ஒரு காரணமா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, ஒன்று பத்தாகி, பெருஞ்சிரிப்பாக வெடித்தது. கணக்கப்பிள்ளை பகடி பண்ணுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். தான் ஏதோ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டோம் என்று வீரையாவும் நினைத்தான். பெண்களுடன் முதன்முதலாகக் கூச்சமில்லாமல் பேசிவிட்ட சந்தோஷம் கூட அவனுக்கு வந்தது.

பாப்பம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலாயி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உச்சிப்பொழுதில் மேல் மலையிலிருந்து கூக்குரல் கேட்டது. வீரையா சரிவில் ஓடி ஏறினான். கோப்பிச் செடிகளுக்கு நடுவே பெண்கள் வட்டமாக நின்று, கம்பளிகளையும் சேலைத் தலைப்புகளையும் விரித்துச் சுவர்போலப் பிடித்திருந்தார்கள்.

"கிட்ட வராதீங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

உள்ளே முனகல் கேட்டது. துணிச்சுவருக்குக் கீழே, கொட்டிக் கிடந்த பழங்களுக்கிடையில் ரத்தம் சரிவோடு வழிந்து வந்தது. வீரையா அதைப் பார்த்தபடியே நின்றான். பாப்பம்மா வெளியே வந்தாள். கை இரண்டும் நனைந்திருந்தன.

"எங்கே வெட்டுப்பட்டது?" என்று கேட்டான்.

பாப்பம்மா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலிருந்தது.

"அடப் பாவி மனுசா, ஒனக்கு நெசமாவே தெரியாதா? புள்ளத்தாச்சிய்யா அவ. அஞ்சு மாசம். முழுகாம இருக்கான்னா அதுதான்யா அர்த்தம். ரெண்டு நாளா ரத்தம் பட்டுக்கிட்டு இருந்துச்சு, இப்ப கொட்டுது. கண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும். போய் வண்டி கேளு, ஓடு!"

அவன் ஓடினான். பங்களா வரை எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. துரை மதியச் சாப்பாட்டில் இருந்தார். கை துடைக்கும் துவாயோடு வெளியே வந்தார்.

"சேர், மாட்டு வண்டி வேண்டும். ஒரு பெண்ணைக் கண்டிக்கு அனுப்ப வேண்டும்."

"பழம் ஏற்றுகிற நேரத்தில் வண்டியா? என்ன அவளுக்கு?"

"சுகமில்லை, சேர்."

"காய்ச்சலா?"

"இல்லை, சேர்."

"விழுந்துவிட்டாளா?"

"இல்லை, சேர்."

"அப்படியானால் என்ன?"

வீரையா வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. யூப்ரட்டீஸ் நதி எங்கே பாய்கிறதென்று இங்கிலீஷில் சொல்ல அவனுக்குத் தெரியும். இஸ்ரவேல் ராஜாக்களின் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பான். இதற்கு அவனிடம் சொல் இல்லை. ஒருவேளை சொல் இருந்தாலும், அதை இன்னொரு ஆணின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் இல்லை. காது மடல் எரிந்தது.

"நாளைக் காலையில் பார்க்கலாம்" என்று சொல்லித் துரை திரும்பினார்.

படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பாப்பம்மா. கையைக்கூடக் கழுவாமல் அவன் பின்னாலேயே வந்திருந்தாள். கூலிப் பெண் யாரும் ஏறாத பங்களா விறாந்தையில் ஏறி நின்றாள்.

"நான் சொல்றத அப்பிடியே தொரைகிட்ட சொல்லு" என்றாள். "வேலாயி வயித்துல அஞ்சு மாசப் புள்ள. அது கலையுது. ரத்தம் நிக்காமப் போகுது. இப்ப வண்டி தராட்டி தாயும் செத்துருவா. சொல்லுய்யா!"

வீரையா சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக, பிள்ளை என்றும் வயிறு என்றும் ரத்தம் என்றும், குரல் உடைய உடைய இங்கிலீஷில் சொல்லி முடித்தான். துரையின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. அவரும் குனிந்து தரையைப் பார்த்தார்.

"வண்டியைக் கொண்டு போ" என்றார். "சீக்கிரம் போ."

வண்டியில் வேலாயியும் பாப்பம்மாவும் இன்னொரு பெண்ணும். மாட்டுக்கு முன்னால் வீரையாவும் அழகையாவும் நடந்தார்கள். குண்டசாலைப் பக்கம் வருவதற்குள் இருட்டிவிட்டது. மகாவலியில் வெள்ளம். விடியும்வரை அக்கரைக்குப் போகமாட்டேன் என்று தோணிக்காரன் சொல்லிவிட்டான். அந்தக் கரையில் வைத்துத்தான் பிள்ளை போனது. பாப்பம்மா அதைத் துணியில் சுற்றி அழகையாவின் கையில் கொடுத்தாள். அவனும் வீரையாவும் ஒரு மரத்தடியில் மண்ணைத் தோண்டினார்கள்.

"எங்கிட்ட யாராவது வெளங்கச் சொல்லியிருந்தா, அழகையா..." என்று மெதுவாகத் தொடங்கினான் வீரையா.

அழகையா கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "நானும் அங்கதானய்யா நின்னேன். எனக்குத் தெரியும்ல. நீங்க சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அப்பன் சிரிச்சாரு, தம்பி சிரிச்சான். நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்." அவன் அழவில்லை. வீரையாவுக்கு அவன் அழுதிருக்கலாம் என்று இருந்தது.

விடிந்ததும் ஆற்றைக் கடந்து ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். ஆண்கள் வாசலோடு நின்றார்கள். வெயில் ஏறியபின் பாப்பம்மா வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லையாம், ஆனால் பல நாள் கிடக்க வேண்டுமாம் என்றாள். அழகையா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். வீரையா போக்கிடம் தெரியாமல் நடந்தான். கால்கள் தாமாகவே அவனைப் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயின.

தலைமை உபாத்தியாயர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். தங்கள் பையன் ஒருவன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாய் இருப்பதில் அவருக்கு மிகுந்த பெருமை.

"வாரும் வீரையா, வாரும். கதிரையில இரும். துரை உம்மைப் பற்றி எழுதினவர். நல்ல பேர் எடுத்துப்போட்டீர். நல்ல நேரம் பார்த்து வந்தீர், பெடியள் செபத்துக்குக் கூடியிருக்கினம். நாலு வார்த்தை சொல்லும். உத்தியோகத்தில இந்தப் பள்ளிக்கூடம் உமக்கு எப்பிடிக் கை குடுத்தது எண்டு சொல்லும்."

மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. எழுந்து அவருடன் செபக் கூடத்துக்குப் போய் முன்னால் நின்றான். எண்ணெய் வைத்து வாரிய தலைகள் வரிசை வரிசையாக அவனைப் பார்த்தன. அவன் உட்கார்ந்த வாங்குப் பலகையில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தான்.

"இங்கே எனக்கு நேராகப் பேசக் கற்றுத் தந்தார்கள்" என்று தொடங்கினான். "காரணம் கேட்கவும் கற்றுத் தந்தார்கள். நேற்று நான் ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னார்கள். எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?"

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பக்கத்து வாங்குக்குத் தாவியது. வேறு பலர் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். தாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று சிரித்தவர்களுக்கே தெரியவில்லை.

"அவளை மலைக்கு அனுப்பினேன். பிள்ளை செத்துப்போனது" என்றான் வீரையா.

உபாத்தியாயர் சட்டென்று மணியை அடித்தார். ஒரு கீர்த்தனையைத் தொடங்கிவைத்துவிட்டு அவனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

"என்ன வேலை பார்த்தீர்? பெடியளுக்கு முன்னால இதெல்லாம் கதைக்கிறதே?"

"வேறு எங்கே சேர் கதைக்கிறது?"

"ஒரு இடத்திலயும் கதைக்கக் கூடாது. பொம்பிளையளின்ர காரியம் பொம்பிளையளோட." அவர் குரல் தணிந்தது. கெட்ட மனிதர் அல்லர். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தலைமாட்டில் இருந்தவர். "உம்மில பிழை இல்லை. நீர் கேட்டனீர், அந்தப் பிள்ளை விளங்கச் சொல்லேல்லை. செபம் பண்ணும்."

வீரையா அவரை வணங்கிவிட்டு வந்தான். அவருடைய ஆறுதல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பாப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியதும் நேரே துரையிடம் போனான். பெண்களுக்கு அந்தச் சட்டம் வேண்டாம், பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டு நிற்கட்டும், என்ன காரணம் என்று யாரும் கேட்க வேண்டாம் என்றான்.

துரை சுருட்டைப் பற்றவைத்தார். "பெண்களின் ரகசியத்தை நம்பித் தோட்டம் நடத்த முடியாது, வீரையா. கோப்பி நோய் அடுத்த மலை வரைக்கும் வந்துவிட்டது. இருக்கிற பழத்தையாவது பறிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம் என்று நீதானே சொன்னாய்? அந்த விஷயம் துரதிர்ஷ்டம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நாளைக்கு நானே பெரட்டுக்கு வருகிறேன்."

இதை அவன் பாப்பம்மாவிடம் போய்ச் சொன்னான். லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"காரணந்தான வேணும் தொரைக்கு? குடுத்துட்டாப் போச்சு" என்றாள். முறத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

மறுநாள் துரை குதிரைமேல் வந்து களத்தின் ஓரத்தில் நின்றார். வீரையா வழக்கம்போல, லீவு வேண்டியவர்கள் உண்டா என்று கேட்டான். பெண்கள் வரிசை அப்படியே முன்னால் நகர்ந்து வந்தது.

முதலில் நின்றவள் ஓர் இளம்பெண். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

"நான் வீட்டுக்குத் தூரமுங்க. வயித்து வலி தாங்கல."

களம் திடுக்கிட்டது. அடுத்தவள் வந்தாள்.

"எனக்குப் புள்ள பெத்து மாசம் ஆகலீங்க. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லா இருக்கு. ஓரெட்டு லயத்துக்குப் போய்க் குடுத்துட்டு வர விடுங்க."

"எனக்குப் போன மாசம் கலைஞ்சதுங்க. இன்னும் நிக்கல."

ஆண்கள் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் "ஏய், வாய மூடுடி!" என்று தன் பெண்சாதியைப் பார்த்துக் கத்தினான். அவள் மூடவில்லை, அழுதுகொண்டே சொன்னாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று துரை கேட்டார்.

வீரையா மொழிபெயர்த்தான். இந்த முறை குரல் உடையவில்லை. யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் துரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். முகங்கள் அவனுக்குப் புதிதாக இருந்தன. எத்தனையோ மாதம் தன் கீழ் வேலை செய்தவர்களில் இன்னார் இத்தனை இளைத்திருக்கிறாள், இன்னாரின் கண்கள் இப்படி மஞ்சளடித்துப் போயிருக்கின்றன என்று அன்றுதான் கண்டான். காரணம் கேட்காமலே தெரிந்திருக்கக்கூடிய காரணங்கள்.

துரை குதிரைக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு மலையுச்சியைப் பார்த்தார். "போதும்" என்றார். வீரையா அதையும் உரக்கச் சொன்னான். பெண்கள் நிறுத்தவில்லை.

கடைசியில் வந்தவள் பாப்பம்மா. "எனக்கு ஒண்ணுமில்லீங்க. அதெல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சு. நான் மலைக்குப் போறேன்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

துரை குதிரையைத் திருப்பினார். போகும்போது வீரையாவிடம் இவ்வளவுதான் சொன்னார்: "அந்தக் கிழவியோடு பேசி ஏதாவது செய்துகொள்ளுங்கள். இனி இதை என் காதில் போட வேண்டாம்."

சட்டம் அன்றோடு போனது. பெண்கள் பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டு நிற்கலாம் என்றானது. ஆனால் அன்று அந்தியில் லயங்களில் அடி விழுந்தது. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். கதவுகளைச் சாத்திக்கொண்டு அடித்தார்கள். பாப்பம்மாவின் மகன் தாயென்றும் பார்க்கவில்லை; மறுநாள் அவள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. வீரையா பதறிப்போய் அருகே வந்தான்.

"யார் அடிச்சது? சொல்லுங்க, நான் துரையிடம்..."

"போய்யா" என்றாள் அவள் அலுப்போடு. "கேக்க வேண்டிய நேரத்துல கேக்கத் தெரியல. இப்ப வந்து கேக்குற."

அவளிடமிருந்து கேலிப்பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை. அது அவனுக்கு அடியைவிட வலித்தது.

வேலாயியை அழகையா வண்டியில் கூட்டிக்கொண்டு வந்த வாரத்தில் துரை வீரையாவைக் கூப்பிட்டனுப்பினார். மேலே புதுக்காடு வெட்டப் போகிறார்கள், அதற்கு அவன்தான் பொறுப்பு என்றார். சம்பளம் கூடுதல். மரம் வெட்டும் கூட்டம், எல்லாரும் ஆண்கள்.

"அங்கே பெண்கள் யாருமில்லை. உன்னைப் போன்றவனுக்கு அதுதான் சரி" என்று அவன் தோளைத் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார்.

அதைக் கேட்டதும் வீரையாவின் நெஞ்சிலிருந்து பாரம் ஒன்று இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததுதான் அவனை வெட்கப்பட வைத்தது.

"நான் இங்கேயே இருக்கிறேன், சேர்" என்று சொல்லிப் பார்த்தான்.

"இங்கே உனக்கு இனி மரியாதை இல்லை. கறுப்பையா பார்த்துக்கொள்வார்" என்றார் துரை. பேச்சு முடிந்தது.

புறப்படும் காலையில் லயத்தில் அழகையா குடியிருந்த காம்பராப் பக்கம் போனான். வேலாயி வாசலில் கம்பளி போர்த்தி வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துப் போயிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இருங்க, இருங்க" என்றான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தே பேசினான். "நான் காட்டு வேலைக்குப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அவரு சொன்னாருங்க."

பிறகு வேலாயியே கேட்டாள்.

"அன்னைக்கு நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, விட்டிருப்பீங்களா?"

ஆம் என்று சொல்வது எளிது. அவன் யோசித்தான். ஒரு பெண் அத்தனை பேர் முன்னிலையில் அதைச் சொல்லியிருந்தால், அன்றைய வீரையா என்ன செய்திருப்பான்? காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பான். அல்லது மானமில்லாதவள் என்று வைதிருப்பான்.

"தெரியலை" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதிலில் அவளுக்கு ஆத்திரம் வந்ததாகத் தெரியவில்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை. "மொகத்தப் பாத்திருந்தாப் போதுமுங்க. வெளுத்துப்போய் நின்னேன். செவரு கூடக் கண்டுபிடிச்சிருக்கும்" என்றாள்.

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். லயத்துக் கடைசியில் கறுப்பையாவின் வீட்டைத் தாண்டும்போது, பெண் ஒருத்தி தலைச்சுமை விறகை அங்கே இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்துவதைக் கண்டான். நின்றான். பாப்பம்மாவிடம் சொன்னால் போதும் என்ற ஏற்பாடு எத்தனை நாள் நின்றது என்று கேட்க வாயெடுத்தான். அவள் அவனைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பி நின்றாள்.

மேலே, காட்டு விளிம்பில், கோடரிக்காரர்கள் அவனை ஆரவாரமாக வரவேற்றார்கள். யாரோ ஒரு பச்சையான பகடியைச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் இல்லாத அந்தக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டை நிறையக் கொதிக்கக் கொதிக்கக் கோப்பி கொடுத்தார்கள். யாரிடம் எப்படிப் பேசுவது, கண்ணை எங்கே வைப்பது என்ற கவலை எதுவும் அங்கே இல்லை. எல்லாம் அவனுக்குப் பழகிய மாதிரியே இருந்தது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அந்தச் சிரிப்புக்கு நடுவில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்து, "என்னாங்கய்யா, புரியலையா?" என்று கேட்டான்.

"புரியுது" என்றான் வீரையா.